வளையும் கைகளோடு ஒரு செயற்கைக்கோள்: திண்மப்பொருள் பாடத்தை விரித்துக் கற்பிக்க

பதினோராம் வகுப்பு இயற்பியலில் திண்மப்பொருள் என்ற கருத்தை அறிமுகம் செய்கிறோம். விசை செயல்பட்டாலும் துகள்களுக்கு இடையேயான தொலைவு மாறாத பொருள் திண்மப்பொருள். வரையறை ஒரே வரிதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு திருப்பு விசை, நிலைமத் திருப்புத்திறன், கோண உந்தம் என்று ஒரு பாடம் முழுவதையும் நடத்தி முடிக்கிறோம். ஆனால் அந்த வரையறைக்குள் முழுமையாக அடங்கும் பொருள் உலகில் ஒன்றுகூட இல்லை. எல்லாப் பொருளும் சிறிதளவாவது வளையும். பாடப்புத்தகக் கணக்குகளில் அந்த வளைவு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறியது. அதனால் விட்டுவிடுகிறோம்.

விட்டுவிட முடியாத இடம் ஒன்று உண்டு. அது விண்வெளி. செயற்கைக்கோளைத் தேவையான திசையில் திருப்பி நிறுத்துவது எப்படி என்ற கேள்வியை எடுத்துக்கொண்டால், திண்மப்பொருள், அலைவுகள், நியூட்டனின் விதிகள் ஆகிய மூன்று பாடங்களும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. திருவான்மியூரில் நான் பணிபுரியும் பள்ளியில் இந்தக் கேள்வியை வைத்து நடத்திய வகுப்புகளையும், அவற்றில் செய்த எளிய செயல்பாடுகளையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் எடுத்துச் செய்யக்கூடியவை இவற்றில் உண்டு.

முகம் எந்தப் பக்கம்?

செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதன் முகம் எந்தப் பக்கம் நோக்குகிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதைத் திசையமைவு என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியைப் பற்றியே யோசித்திருப்பார்கள். சுற்றுப்பாதையில் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்களுடைய எண்ணம்.

ஒரு சிறு கணக்கு இந்த எண்ணத்தை மாற்றிவிடும். செயற்கைக்கோள் 600 கி.மீ. உயரத்திலிருந்து தரையைப் படம் எடுக்கிறது என்று கொள்வோம். அதன் பார்வை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் விலகுகிறது. தரையில் அது பார்க்கும் இடம் எவ்வளவு தள்ளிப்போகும்? விடை ஏறத்தாழ 10 மீட்டர். திருவான்மியூர் கடற்கரையில் உலர்ந்த மணலைப் பார்க்க வேண்டிய கருவி, அலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். படம் எடுக்கும் நேரத்தில் செயற்கைக்கோள் இந்த அளவு நடுங்கினாலே போதும், படம் கலங்கிவிடும்.

ஊன்றிக்கொள்ளத் தரை இல்லாத இடத்தில் திரும்புவது எப்படி?

நாம் திரும்பும்போது காலால் தரையை உந்துகிறோம். செயற்கைக்கோளுக்குத் தரை இல்லை; காற்றும் இல்லை. வாயுவைப் பீய்ச்சித் திரும்பலாம், ஆனால் எரிபொருள் தீர்ந்தால் ஆயுளும் முடிந்தது. எனவே அன்றாடத் திருப்பங்களுக்கு எதிர்வினைச் சக்கரங்களைப் பயன்படுத்துகிறார்கள். செயற்கைக்கோளின் வயிற்றுக்குள் மின்மோட்டாரால் சுழலும் சக்கரங்கள் இவை. சக்கரம் ஒரு பக்கம் வேகமெடுத்தால் செயற்கைக்கோள் மறுபக்கம் திரும்பும். மொத்தக் கோண உந்தம் மாறாது. மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரியத் தகடுகள் தருகின்றன. இஸ்ரோவின் செயற்கைக்கோள்களுக்கு இத்தகைய சக்கரங்களைத் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் உள்ள அதன் நிலைமக் கருவிகள் பிரிவு உருவாக்குகிறது.

*செயல்பாடு 1.* பள்ளி அலுவலகத்தில் இருக்கும் சுழல் நாற்காலியில் ஒரு மாணவரை உட்கார வையுங்கள். கால்கள் தரையில் படக்கூடாது. கனமான புத்தகப்பையை இரு கைகளாலும் முன்னால் நீட்டிப் பிடித்து, சட்டென்று வலப்பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்கள். நாற்காலி இடப்பக்கம் திரும்பும். பை நின்றதும் நாற்காலியும் நிற்கும். பழைய சைக்கிள் சக்கரம் கிடைத்தால் இன்னும் நல்லது. மாணவர் அதன் அச்சைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுழற்றட்டும். சக்கரம் சுழலும்வரை நாற்காலி எதிர்த்திசையில் மெதுவாகச் சுழலும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் நாற்காலியும் நின்றுவிடும்.

இதற்கான கணக்கையும் கொடுக்கலாம். செயற்கைக்கோளின் நிலைமத் திருப்புத்திறன் 2,000 கி.கி. மீ², சக்கரம் தரும் திருப்பு விசை 0.1 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். 30 டிகிரி திரும்ப வேண்டும். பாதித் தூரம் முடுக்கி, மீதிப் பாதியில் அதே அளவு எதிர்முடுக்கம் கொடுத்து நிறுத்தினால், ஏறத்தாழ 205 நொடி ஆகும். நடுவழியில் சக்கரம் சேர்த்து வைத்திருக்கும் கோண உந்தம் சுமார் 10 நியூட்டன் மீட்டர் நொடி. இந்த எண்ணை மாணவர்கள் குறித்து வைத்துக்கொள்ளட்டும். பின்னால் தேவைப்படும்.

இதுவரை செயற்கைக்கோளை ஒரு செங்கல் போல நினைத்தே கணக்கிட்டோம்.

செங்கலாக இருந்த காலமும் கைகள் முளைத்த காலமும்

இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்டது. எடை 360 கி.கி. 26 முகங்கள் கொண்ட பந்து போன்ற உடல். சூரிய மின்கலங்கள் உடல் மீதே ஒட்டப்பட்டிருந்தன. பம்பரம் போலத் தற்சுழற்சியாலேயே அது நிலைத்து நின்றது. ஏறத்தாழ ஒரு செங்கல்தான்.

அதிக மின்சாரம் வேண்டும் என்றால் அகலமான தகடுகள் வேண்டும். நுட்பமாகப் பார்க்க வேண்டும் என்றால் பெரிய அலைவாங்கி வேண்டும். ஏவுகலத்தின் தலைப்பகுதியிலோ இடம் குறைவு. அதனால் எல்லாவற்றையும் மடித்து வைத்து ஏவி, மேலே போனதும் விரிக்கிறார்கள். மடித்து விரிக்கும் பொருள் இலேசாக இருக்க வேண்டும். நீளமும் இலேசும் சேர்ந்தால் வளையும். இப்படித்தான் செயற்கைக்கோளுக்கு வளையும் கைகள் முளைத்தன.

அண்மைக்கால எடுத்துக்காட்டுகள் இரண்டு. முதலாவது ஆதித்யா-எல்1. செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து நடத்திய திட்டம் இது. 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்டு, புவியிலிருந்து 15 இலட்சம் கி.மீ. தொலைவில் உள்ள எல்1 புள்ளியைச் சுற்றும் பாதையை அடைந்தது. 2024 சனவரி 11 அன்று அதன் 6 மீட்டர் நீளக் காந்தமானிக் கம்பம் விரிக்கப்பட்டது. கோள்களுக்கு இடையே உள்ள காந்தப்புலம் மிகவும் மெலிந்தது. செயற்கைக்கோளின் சொந்த மின்கருவிகள் உண்டாக்கும் காந்தப்புலம் அளவீட்டில் கலந்துவிடக் கூடாது. அதனால் உணரிகளை உடலிலிருந்து 3 மீட்டரிலும் 6 மீட்டரிலும் தள்ளி வைத்திருக்கிறார்கள். கரிம இழையால் வலுவூட்டிய கம்பம் அது. சுருள்வில் பொருத்திய கீல்களால் சுமார் 9 நொடிகளில் நீண்டுவிட்டது.

இரண்டாவது நிசார். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய 2,392 கி.கி. எடையுள்ள இந்தச் செயற்கைக்கோள், 2025 சூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 9 மீட்டர் நீளக் கையின் முனையில் 12 மீட்டர் விட்டமுள்ள வலை அலைவாங்கி. ஒரு வகுப்பறைக்குள் அடங்காத அளவு. பொன்முலாம் பூசிய கம்பி வலையால் ஆனது என்பதால் அதன் எடை சுமார் 64 கி.கி. மட்டுமே. கையை ஒவ்வொரு மூட்டாக நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டு நீட்டினார்கள். ஆகஸ்ட் 15 அன்று வலை குடைபோல விரிந்தது.

ஆதித்யாவின் கம்பம் விரிந்த செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "அவ்வளவு நீளக் கம்பு டக்குனு விரிஞ்சா, செயற்கைக்கோள் ஆடாதா மிஸ்?" ஆடும் என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது. "அப்போ புக்குல அதைத் திண்மப்பொருள்னு வச்சு ஏன் கணக்குப் போடுறோம்?"

இந்தப் பாடத்தில் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். தேர்வுக்கு இது வராது என்று கடந்துபோனால், புத்தகத்தில் இருப்பது ஒன்று, உலகத்தில் நடப்பது வேறொன்று என்ற முடிவுக்கு மாணவர் வந்துவிடுவார். அறிவியலில் நம்பிக்கை தளர்வது இப்படித்தான் தொடங்குகிறது. திண்மப்பொருள் என்பது ஒரு மாதிரி. அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையையும் கணக்கிட்டுச் சொல்ல முடியும். இதைச் சொல்லித் தருவதே நம் வேலை. எனவே அடுத்த இரண்டு பாடவேளைகளை அந்த எல்லையைத் தேட ஒதுக்கினோம்.

ஆட்டத்தின் வேகம்

*செயல்பாடு 2.* நெகிழி அளவுகோலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, 10 செ.மீ. வெளியே நீட்டி, முனையைத் தட்டுங்கள். பிறகு 15, 20, 25 செ.மீ. நீட்டித் தட்டுங்கள். குறைவாக நீட்டினால் கீச்சென்ற ஒலி வரும். அதிகமாக நீட்டினால் கண்ணால் பார்க்கும் அளவு மெதுவாக ஆடும். நீளத்தை இரு மடங்காக்கினால் அதிர்வெண் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். ஆக்சா பிளேடின் முனையில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டினால் ஆட்டம் இன்னும் மெதுவாகும். கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளியாக எடுத்து எண்ணிப் பார்க்கலாம்.

நீண்ட சூரியத் தகடு ஒருமுறை ஆடி முடிக்கச் சில நொடிகள்கூட ஆகலாம். வகுப்பறையில் அளவுகோல் விரைவில் ஓய்ந்துவிடுகிறது. காற்றும், பிடித்திருக்கும் கையும், பொருளின் உள் உராய்வும் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கின்றன. விண்வெளியில் காற்று இல்லை. பிடித்துக்கொள்ள மேசையும் இல்லை. எனவே ஆட்டம் நெடுநேரம் நீடிக்கும். தடையுறு அலைவுகள் பாடத்தில் தடை மிகக் குறைவாக இருக்கும் நிலைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதைவிடச் சிக்கலானது அடுத்தது. செயற்கைக்கோளின் திசையை நட்சத்திர உணரி கண்டுபிடிக்கிறது. விலகல் இருந்தால் கணினி சக்கரத்துக்குக் கட்டளை இடுகிறது. தகடு ஆடினால் உடலும் சேர்ந்து சிறிது ஆடும். கணினி அதை விலகல் என்று எடுத்துக்கொண்டு சக்கரத்தை இயக்கும். உணர்வதற்கும் இயக்குவதற்கும் இடையே சிறிது தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தால் சக்கரத்தின் உந்தல், தகட்டின் ஆட்டத்தோடு ஒரே தாளத்தில் சேர்ந்துவிட்டால் ஆட்டம் வளரும். ஊஞ்சலைச் சரியான நொடியில் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அடக்க வந்த கட்டளையே ஆட்டிவிடும் கையாகிவிடுகிறது. ஒத்ததிர்வுக்குப் பாலத்தையும் படைவீரர்களையும் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இது புதிய எடுத்துக்காட்டாகக் கிடைத்தது.

பொறியாளர்களின் முதல் விடை எளிது. தகடு எந்த அதிர்வெண்ணில் ஆடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த அதிர்வெண்ணில் வரும் அசைவுகளைக் கணினி பொருட்படுத்தாதபடி வடிகட்டிவிடுகிறார்கள். கட்டுப்பாடும் தகட்டின் ஆட்டத்தைவிட மெதுவாகவே செயல்படும்படி அமைக்கிறார்கள். திண்மப்பொருள் மாதிரியின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. நாம் திருப்பும் வேகம், கையின் இயல்பான ஆட்டத்தைவிட மிக மெதுவாக இருக்கும்வரை செயற்கைக்கோளைத் திண்மப்பொருளாகவே கொள்ளலாம். வேகம் கூடினால் அந்த மாதிரி போதாது.

இரண்டு எட்டில் நிறுத்துவது

எப்போதும் மெதுவாகவே திரும்ப முடியுமா? ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே விரைந்து திரும்ப வேண்டியும் வரும். அதற்குப் பயன்படும் வழிகளுள் ஒன்றை, ஒரு நூலையும் ஒரு கல்லையும் வைத்து வகுப்பறையில் காட்டிவிடலாம்.

*செயல்பாடு 3.* 1 மீட்டர் நூலின் முனையில் ஒரு கல்லைக் கட்டிக் கையில் தொங்கவிடுங்கள். இதன் அலைவு நேரம் ஏறத்தாழ 2 நொடி. கரும்பலகையில் 20 செ.மீ. இடைவெளியில் மூன்று கோடுகள் போடுங்கள். முதலில் கையை முதல் கோட்டிலிருந்து மூன்றாம் கோட்டுக்கு ஒரே இழுப்பில் கொண்டுபோய் நிறுத்துங்கள். கல் முன்னும் பின்னும் பலமாக ஆடும். கல் ஓய்ந்ததும் மறுபடி தொடங்குங்கள். இந்த முறை இரண்டாம் கோடு வரை மட்டும் சட்டென்று நகர்த்துங்கள். சரியாக 1 நொடி காத்திருந்து, மூன்றாம் கோட்டுக்கு நகர்த்துங்கள். கல் ஏறத்தாழ அசையாமல் நிற்கும்.

முதல் தடவை பார்க்கும்போது மந்திரம் போல இருக்கும். காரணத்தை மாணவர்களே கண்டுபிடிக்க நேரம் கொடுங்கள். முதல் எட்டு எடுத்து வைத்ததும் கல் 20 செ.மீ. பின்தங்குகிறது. அரை அலைவு நேரத்தில், அதாவது 1 நொடியில், அது மறுபக்கம் 20 செ.மீ. முன்னால் போய் ஒரு கணம் நிற்கிறது. அந்த இடம் மூன்றாம் கோடு. அதே கணத்தில் கையும் மூன்றாம் கோட்டுக்கு வந்துவிடுகிறது. கல் நிற்கிறது, கை அதற்கு நேர் மேலே இருக்கிறது. இனி ஆடுவதற்குக் காரணமே இல்லை. முதல் எட்டு உண்டாக்கிய ஆட்டத்தை இரண்டாம் எட்டு அழித்துவிட்டது.

நூலின் நீளத்தை 25 செ.மீ. ஆக்கி, கோடுகளின் இடைவெளியை 5 செ.மீ. ஆக்கினால் காத்திருக்க வேண்டிய நேரம் அரை நொடி. மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுச் செய்து பார்க்கட்டும். தவறான நேரத்தில் இரண்டாம் எட்டு வைத்தால் ஆட்டம் அப்படியே இருக்கும், சில சமயம் கூடவும் செய்யும். அதையும் செய்து பார்க்க வேண்டும். ஆட்டத்தை அடக்க வலிமை தேவைப்படவில்லை. எப்போது அசைப்பது என்ற கணக்கு தேவைப்பட்டது. துறைமுகத்தில் சரக்குப் பெட்டகத்தை நீண்ட கம்பிவடத்தில் தொங்கவிட்டு நகர்த்தும் கிரேன் ஓட்டுநர்கள் இந்தக் கணக்கைப் பழக்கத்தால் செய்கிறார்கள். செயற்கைக்கோளுக்கான திருப்பக் கட்டளையையும் இதே முறையில் இரண்டாகப் பகுத்து, தகட்டின் அரை அலைவு நேரம் இடைவெளி விட்டுக் கொடுக்க முடியும்.

உள்ளே அலையும் திரவம்

கைகள் மட்டுமே வளைவதில்லை. உள்ளே இருக்கும் எரிபொருளும் அலையும். சந்திரயான்-3 திட்டத்தில் உந்துகலத்தின் எடை 2,148 கி.கி.; அதில் ஏறத்தாழ 1,696 கி.கி. எரிபொருள். திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் என்பதை நம் மாணவர்கள் அறிவார்கள். அவ்வளவு எரிபொருளோடு கிளம்பிய கலத்தைத் திண்மப்பொருள் என்று எப்படிச் சொல்வது?

*செயல்பாடு 4.* சத்துணவுக் கூடத்திலிருந்து வேகவைத்த முட்டை ஒன்றும் வேகாத முட்டை ஒன்றும் வாங்கி வாருங்கள். இரண்டையும் தட்டில் சுழற்றி, ஒரு கணம் விரலால் தொட்டு நிறுத்தி, உடனே விரலை எடுத்துவிடுங்கள். வெந்த முட்டை நின்றுவிடும். வேகாத முட்டை மறுபடி சுழலத் தொடங்கும். ஓடு நின்றாலும் உள்ளே இருக்கும் திரவம் நிற்கவில்லை. வெந்த முட்டைதான் நம் பாடப்புத்தகத்தின் திண்மப்பொருள்.

நம் தெருக்களில் ஓடும் தண்ணீர் லாரியை மாணவர்களுக்கு நினைவூட்டுங்கள். பாதி நிரம்பிய லாரி சட்டென்று நின்றால் தண்ணீர் முன்னால் போய் மோதி லாரியைத் தள்ளும். அதைக் குறைக்கத் தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகள் வைப்பதுண்டு. பால் கேனில் ஒரு பிடி வைக்கோல் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிக்கும் பால்காரரும் அதே வேலையைத்தான் செய்கிறார். எரிபொருள் தொட்டிகளிலும் இதே நோக்கத்தோடு தடுப்புகளையும் உறைகளையும் வைக்கிறார்கள்.

எக்ஸ்புளோரர்-1 சொன்ன பாடம்

வளைவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விண்வெளி வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்புளோரர்-1, 1958 சனவரி 31 அன்று ஏவப்பட்டது. சுமார் 2 மீட்டர் நீளம், 15 செ.மீ. விட்டம் கொண்ட பென்சில் வடிவம். நீள அச்சைச் சுற்றி வேகமாகச் சுழன்றுகொண்டே போனால் திசை மாறாது என்று எதிர்பார்த்தார்கள். சில மணி நேரத்திலேயே அது தலைகீழாகப் புரண்டு புரண்டு சுழலத் தொடங்கிவிட்டது.

உடலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நான்கு மெல்லிய வளையும் அலைவாங்கிகளே காரணம். சுழலும்போது அவை இடைவிடாமல் சிறிது வளைந்து நிமிர்ந்தன. ஒவ்வொரு வளைவிலும் சிறிது ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறியது. வெளியிலிருந்து திருப்பு விசை எதுவும் இல்லை; எனவே கோண உந்தம் மாறவில்லை. கோண உந்தம் மாறாமல் சுழற்சி ஆற்றல் மட்டும் குறைய வேண்டுமானால், நிலைமத் திருப்புத்திறன் அதிகமாக உள்ள அச்சுக்கு மாற வேண்டும். சீரான உருளை என்று கொண்டு கணக்கிட்டால், குறுக்கு அச்சின் நிலைமத் திருப்புத்திறன் நீள அச்சினதைப் போல நூறு மடங்குக்கும் மேல். கடைசியில் உருளை அங்கே போய்ச் சேர்ந்தது.

கோண உந்தம் மாறாது, ஆனால் இயக்க ஆற்றல் மாறலாம். இந்த வேறுபாட்டில் பல மாணவர்கள் தடுமாறுவதைப் பார்த்திருப்போம். எக்ஸ்புளோரர்-1 அதை விளக்க மிகப் பொருத்தமானது. திண்மப்பொருளாகவே இருந்திருந்தால் அது கவிழ்ந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெயிலும் தள்ளும்

ஆட்டிவிட யாரும் தொட வேண்டியதில்லை, வெயிலே போதும். புவிக்கு அருகே ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி முழுவதும் உட்கவரப்பட்டால், அது தரும் விசை சுமார் 4.5 மைக்ரோ நியூட்டன். ஒரு கொசுவின் எடையைவிடக் குறைவு. ஆனால் அது ஓய்வதில்லை. 10 சதுர மீட்டர் தகடு ஒரு பக்கத்தில் மட்டும், உடலிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். ஒரு நாளில் சேரும் கோண உந்தம் ஏறத்தாழ 12 நியூட்டன் மீட்டர் நொடி. முன்பு 30 டிகிரி திரும்பச் சக்கரம் சேர்த்த அளவைவிட இது அதிகம். இப்படியே சேர்ந்துகொண்டு போனால் சக்கரம் தன் உச்ச வேகத்தை எட்டிவிடும். பிறகு எரிபொருளைச் செலவிட்டே அதை இறக்க வேண்டும்.

இன்சாட் வரிசையின் முதல் தலைமுறைக் கோள்களில் இந்தச் சிக்கல் இருந்தது. வானிலைப் படக்கருவியைக் குளிர்விக்கும் பகுதி வெறும் வானத்தை நோக்க வேண்டும் என்பதால், சூரியத் தகட்டை ஒரு பக்கம் மட்டுமே வைத்தார்கள். மறுபக்கம் நீண்ட கம்பத்தின் முனையில் ஒரு பாய் வைத்து ஒளியின் தள்ளலைச் சமன் செய்தார்கள். கட்டுமரத்தில் பாய் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1982 ஏப்ரல் 10 அன்று ஏவப்பட்ட இன்சாட்-1ஏ கோளில் அந்தப் பாய் விரியவில்லை. அதன் சிக்கல்களுள் இதுவும் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பரில் எரிபொருள் தீர்ந்து கோள் கைவிடப்பட்டது. ஆனாலும் அந்த அமைப்பை விட்டுவிடவில்லை. இந்தியாவிலேயே உருவாக்கி 1992 சூலை 10 அன்று ஏவிய இன்சாட்-2ஏ கோளிலும் கம்பமும் பாயும் இருந்தன.

வெயில் வேறு வகையிலும் ஆட்டும். 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கி, சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை புவியைச் சுற்றுகிறது. நிழலிலிருந்து வெயிலுக்குள் நுழையும்போதெல்லாம் அதன் சூரியத் தகடுகளின் சட்டம் வெப்பத்தால் விரிந்து வளைய, தொலைநோக்கியே நடுங்கியது. 1993 திசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் தகடுகளை மாற்றினார்கள். 2002இல் அளவில் சிறிய, விறைப்பான தகடுகளைப் பொருத்தினார்கள். வெப்ப விரிவு என்ற எட்டாம் வகுப்புக் கருத்து இங்கேயும் வந்து நிற்கிறது.

எந்த வகுப்புக்கு எது?

தொடக்க வகுப்புகளில் முட்டைச் செயல்பாடே போதும். முழுதும் நிரம்பிய டம்ளர், பாதி நிரம்பிய டம்ளர், ஓர் இலை மிதக்கவிட்ட டம்ளர் ஆகியவற்றைத் தூக்கி நடக்கச் சொல்லி, எது அதிகம் தளும்புகிறது என்று பார்க்கலாம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அளவுகோல் செயல்பாட்டை ஒலி, அதிர்வு பாடங்களோடு இணைக்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் சுழல் நாற்காலி நியூட்டனின் மூன்றாம் விதிக்கும், வெயில் தரும் திருப்பம் விசையின் திருப்புத்திறனுக்கும் உதவும். மேல்நிலை வகுப்பில் நூலும் கல்லும், எக்ஸ்புளோரர்-1 கணக்கும் இடம்பெறட்டும். நாற்காலி சாயாமல் இருக்க ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறைவாக, மாணவர்களிடம் கேட்கச் சில கேள்விகள்:

1. வேகமாகத் திரும்பும் செயற்கைக்கோளுக்கு நீளமான தகடு நல்லதா, குட்டையான தகடு நல்லதா? மின்சாரத் தேவையையும் சேர்த்துச் சிந்தித்து விடை கூறுக.

2. தகட்டின் அலைவு நேரம் 6 நொடி. திருப்பக் கட்டளையை இரண்டு சம பகுதிகளாகப் பிரித்தால் இரண்டாம் பகுதியை எப்போது கொடுக்க வேண்டும்?

3. சுழலும் பொருள் ஒன்றில் வெளித் திருப்பு விசை இல்லை. அதன் கோண உந்தம் மாறுமா? இயக்க ஆற்றல் மாறுமா? காரணம் கூறுக.

4. எரிபொருள் பாதி தீர்ந்த பிறகு செயற்கைக்கோளைக் கட்டுப்படுத்துவது எளிதாகுமா, கடினமாகுமா?

5. பாடப்புத்தகக் கணக்கு ஒன்றில் எதையெல்லாம் பொருட்படுத்தாமல் விட்டிருக்கிறோம் என்று பட்டியலிடுக. அவற்றுள் எது, எந்தச் சூழலில் விட முடியாததாகும்?

ஐந்தாவது கேள்வியை எந்தப் பாடத்தின் முடிவிலும் கேட்கலாம். உராய்வற்ற தளம், எடையற்ற கயிறு, புள்ளி நிறை என்று நாம் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் அது பொருந்தும்.